180 பாகை - எங்கே உண்மை?

முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் எவ்வளவு என்று உயர்நிலைப் பள்ளி மாணவர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். கேள்வி முடியும் முன்பே ‘180 பாகை’ என்று விடை வந்துவிடும். எந்த முக்கோணத்திற்கு என்று கேட்டால், ‘எல்லா முக்கோணங்களுக்கும்தான்’ என்பார். எதன்மேல் வரைந்த முக்கோணத்திற்கு என்று மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்டால் பெரும்பாலும் விடை வராது. அது மாணவரின் குற்றமன்று. அப்படி ஒரு கேள்வி உண்டு என்பதையே நாம் அவருக்கு அழுத்திச் சொல்வதில்லை.

வடிவகணிதத்தின் கடந்த 200 ஆண்டு வரலாற்றில் பெரும்பகுதி அந்த மூன்றாவது கேள்விக்குள் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. ‘வளைவு’ என்னும் அடிப்படைக் கருத்து அதன் விடையாகத்தான் வளர்ந்தது. இக்கருத்தைக் கல்லூரிக்கு என்று ஒதுக்கி வைக்காமல், உயர்நிலைப் பள்ளியிலேயே, கையால் தொட்டு அளந்து பார்க்கும் விதத்தில் சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு வேண்டிய கருவிகள் ஒரு குடம், சில காகித நாடாக்கள், ஒரு பாகைமானி ஆகியவையே. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் படிக்கும் மாணவர்களுக்கோ இவற்றுக்கு மேல் இரண்டு அரிய துணைகள் உள்ளன. ஒன்று, அவர்கள் மண்ணில் கிடைக்கும் கற்சுருள். மற்றொன்று, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் விமானம்.

கற்சுருள் சொல்லும் பாடம்

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அரியலூர்ப் பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. அக்கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் உயிரினத்தின் சுருண்ட ஓடுகள் கல்லாகி, இன்றும் அங்கே கிடைக்கின்றன. வாரணவாசியில் உள்ள அருங்காட்சியகத்தில் இத்தகைய புதைபடிவங்களைக் காணலாம்.

அந்தச் சுருளை உற்றுப் பாருங்கள். நடுவில் அது கடுமையாக வளைகிறது. வெளிச் சுற்றுக்கு வர வர வளைவு குறைந்துகொண்டே போகிறது. ‘கடுமையாக’, ‘குறைவாக’ என்று சொன்னால் போதாது. வளைவை ஓர் எண்ணால் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? சுருளின் ஒரு புள்ளியில் மிக நெருக்கமாகப் பொருந்தும் வட்டம் ஒன்றை வரையுங்கள். 1 என்ற எண்ணை அவ்வட்டத்தின் ஆரத்தால் வகுத்தால் வருவதே அந்தப் புள்ளியின் வளைவு. ஆரம் 1 செ.மீ. என்றால் வளைவு 1. ஆரம் 5 செ.மீ. என்றால் வளைவு 1/5. நேர்கோட்டின் வளைவு பூஜ்யம். 17-ஆம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டு ஹைகன்ஸ், இங்கிலாந்தின் நியூட்டன் ஆகியோர் இதைக் கணக்கிடும் முறைகளைக் கண்டறிந்தனர்.

இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். சுருளின்மேல் ஒரு நூலைப் பதித்து, பிறகு அதை எடுத்து நீட்டிப் பிடித்தால் அது நேராகிவிடுகிறது. நூலின் நீளத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த நூல்மேல் மட்டுமே நடக்கும் எறும்பு ஒன்று இருந்தால், தன் பாதை சுருண்டிருக்கிறதா, நீண்டிருக்கிறதா என்று அதனால் அளந்து அறியவே முடியாது. கோட்டின் வளைவு வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும். அப்படியானால் பரப்பின் வளைவும் அத்தகையதுதானா?

விமானத்தில் மூன்று வகை

தஞ்சைப் பெரிய கோயிலை முதலாம் இராஜராஜன் 1010-இல் கட்டி முடித்தான். அவன் மகன் முதலாம் இராஜேந்திரன் தன் புதிய தலைநகரான கங்கைகொண்ட சோழபுரத்தில் 1035-ஆம் ஆண்டை ஒட்டி இன்னொரு கோயிலை எழுப்பினான். அதன் விமானம் 53 மீட்டர் உயரம் உள்ளது. இரண்டு விமானங்களையும் தொலைவில் நின்று ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு கண்ணில் படும். தஞ்சை விமானத்தின் விளிம்பு வளையாமல் நேராக மேலேறுகிறது. கங்கைகொண்ட சோழபுரத்து விமானமோ உள்நோக்கி மெல்ல வளைந்து மேலேறுகிறது.

சிற்ப வேலைப்பாடுகளை விட்டுவிட்டு, மொத்த உருவத்தை மட்டும் மனத்தில் கொள்வோம். உச்சியில் உள்ள உருண்டைச் சிகரத்தின்மேல் ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டால், அங்கிருந்து எத்திசையில் சென்றாலும் பரப்பு ஒரே பக்கமாக, அதாவது உள்நோக்கியே சரிகிறது. தஞ்சை விமானத்தின் சாய்ந்த முகம் பலகை போன்றது. எத்திசையிலும் வளைவு இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தின் உடற்பகுதியில் நிலைமை வேறு. சுற்றிவரும் திசையில் பரப்பு ஒரு பக்கமாக வளைகிறது; கீழிருந்து மேலேறும் திசையில் அதற்கு எதிர்ப் பக்கமாக வளைகிறது. தண்ணீர்க் குடத்தின் கழுத்தும் இப்படிப்பட்டதுதான்.

1760-இல் ஆய்லர் என்னும் சுவிட்சர்லாந்து மேதை, ஒரு பரப்பின் எந்தப் புள்ளியிலும் மிகப் பெரிய வளைவு ஒன்றும் மிகச் சிறிய வளைவு ஒன்றும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அமைகின்றன என்று காட்டினார். அவ்விரண்டையும் பெருக்கி வருவதைப் பரப்பின் வளைவாகக் கொண்டவர் ஜெர்மானியக் கணித மேதை காஸ். இரு வளைவுகளும் ஒரே பக்கமாக இருந்தால் பெருக்குத்தொகை மிகை எண். எதிரெதிராக இருந்தால் குறை எண். ஒன்றாவது பூஜ்யமானால் பெருக்குத்தொகையும் பூஜ்யம். ஆகவே சிகரம் மிகை, தஞ்சை விமானத்தின் முகம் பூஜ்யம், கங்கைகொண்ட சோழபுரத்து உடற்பகுதி குறை. மூன்று வகைகளும் நம் கண்முன்னே நிற்கின்றன!

இதைக் கொண்டு, சோழர் காலத்துச் சிற்பிகள் காஸின் கணிதத்தை அன்றே அறிந்திருந்தார்கள் என்று பெருமை பேசத் தொடங்கிவிடக் கூடாது. வளைவைக் கல்லில் அமைப்பது ஒரு திறமை. வளைவு என்றால் என்ன என்று கேட்பது வேறொரு திறமை. முன்னதில் நம் சிற்பிகள் ஈடு இணையற்றவர்கள். அவர்களுக்கு உரியதல்லாத புகழைச் சூட்டினால் உரிய புகழும் மங்கிப்போகும்.

எறும்புக்கும் தெரியும்!

1827-இல் காஸ் வளைந்த பரப்புகளைப் பற்றிய தம் ஆய்வை கோட்டிங்கன் நகரில் சமர்ப்பித்தார். அதில் ஒரு தேற்றத்துக்கு ‘மிகச் சிறப்பான தேற்றம்’ என்று அவரே பெயர் வைத்தார். அப்படி என்ன சிறப்பு? பரப்பின் வளைவை அறிய வெளியிலிருந்து பார்க்க வேண்டியதில்லை. பரப்பின் மேலேயே இருந்துகொண்டு நீளங்களையும் கோணங்களையும் அளந்தால் போதும் என்பதே அத்தேற்றம். நூலின்மேல் நடந்த எறும்புக்குத் தெரியாமல் போனது, குடத்தின்மேல் நடக்கும் எறும்புக்குத் தெரிந்துவிடும்!

எப்படித் தெரியும்? முக்கோணம் வரைந்துதான். பரப்பின் மேலேயே செல்லும் மிகக் குறுகிய வழிகளைப் பக்கங்களாகக் கொண்டு ஒரு முக்கோணம் அமைக்க வேண்டும். மிகை வளைவுள்ள இடத்தில் கோணங்களின் கூடுதல் 180 பாகைக்கு மேல் இருக்கும். குறை வளைவுள்ள இடத்தில் 180-க்குக் கீழே இருக்கும். வளைவு பூஜ்யமான இடத்தில் மட்டுமே மிகச் சரியாக 180. பூமி உருண்டையில் வட துருவத்திலிருந்து ஒரு தீர்க்கரேகை வழியே நிலநடுக்கோட்டுக்கு இறங்குங்கள். நிலநடுக்கோட்டில் நான்கில் ஒரு பங்கு சுற்று நடந்து, இன்னொரு தீர்க்கரேகை வழியே துருவத்துக்குத் திரும்புங்கள். மூன்று மூலைகளிலும் செங்கோணம்! கூடுதல் 270 பாகை.

கடலைப் பொட்டலம் வளைந்துதானே இருக்கிறது, அதில் எப்படி என்று கேட்பீர்கள். தட்டையான காகிதத்தில் முக்கோணம் வரைந்துவிட்டு, காகிதத்தைப் பொட்டலமாகச் சுருட்டுங்கள். நீளமும் மாறவில்லை, கோணமும் மாறவில்லை. பொட்டலம் ஒரு திசையில் மட்டுமே வளைகிறது. மற்றத் திசையில் நேராக இருக்கிறது. பெருக்குத்தொகை பூஜ்யம். ஆகவே அங்கே 180 பாகைதான். ஆனால் ஆரஞ்சுத் தோலைக் கிழிக்காமல் மேசைமேல் தட்டையாகப் பரப்ப உங்களால் முடியாது. உலகத்தைத் தட்டையான தாளில் பிழையில்லாமல் வரையவும் முடியாது. சில சுவர் வரைபடங்களில் கிரீன்லாந்து இந்தியாவை விடப் பெரிதாகத் தோன்றுவது இதனால்தான். உண்மையில் இந்தியாவே பெரியது.

தஞ்சை, பெரம்பலூர், கங்கைகொண்ட சோழபுரம்

‘பூமி உருண்டை என்பது சரி, நம் ஊர் அளவில் அதனால் என்ன வேறுபாடு?’ என்ற ஐயம் எழலாம். கணக்கிட்டே பார்ப்போம். தஞ்சாவூர், பெரம்பலூர், கங்கைகொண்ட சோழபுரம் ஆகிய மூன்றையும் இணைத்தால் ஏறக்குறைய ஒரு சமபக்க முக்கோணம் கிடைக்கும். ஒவ்வொரு பக்கமும் 60 கி.மீ. அளவில் இருக்கும், பரப்பளவு சுமார் 1500 சதுர கி.மீ. பூமியின் ஆரம் 6371 கி.மீ. என்பதைக் கொண்டு கணக்கிட்டால், ஏறக்குறைய ஒவ்வொரு 200 சதுர கி.மீ. பரப்புக்கும் கோணங்களின் கூடுதல் 1 விகலை அதிகமாகிறது. விகலை என்பது 1 பாகையில் 3600-இல் ஒரு பங்கு. ஆகவே நம் முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180 பாகையும் சுமார் 7½ விகலையும் ஆகும்.

இது அற்பமன்றோ என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு கோணத்தில் 7½ விகலை தவறினால் 60 கி.மீ. தூரத்தில் குறி 2 மீட்டருக்கு மேல் விலகிப்போகும். நில அளவையாளருக்கு அது பெரும் பிழை. 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோட்டை அளந்து, தென்னாட்டை முக்கோணங்களால் அளக்கத் தொடங்கிய லாம்டன், இந்த மிகுதியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பூமியின் வளைவையே அளப்பதும் அவருடைய நோக்கங்களில் ஒன்று. 1808-இல் ஏறத்தாழ அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சேதமடைந்தது. அவர் அதைத் தாமே பழுது பார்த்து வேலையைத் தொடர்ந்தார்.

காஸும் நில அளவையாளராக வேலை செய்தவர்தான். 1820-களில் ஹனோவர் நாட்டை அவர் அளந்தார். அவர் எடுத்துக்கொண்ட ஒரு பெரிய முக்கோணத்தின் பக்கங்கள் சுமார் 69, 85, 107 கி.மீ. அதன் கோண மிகுதி ஏறக்குறைய 15 விகலை என்று 1827-ஆம் ஆண்டு ஆய்விலேயே அவர் குறித்திருக்கிறார். உயர்ந்த தத்துவம் ஒன்று சேற்றிலும் வெயிலிலும் நடந்து அளந்தவரின் கையிலிருந்து பிறந்தது என்பதை மாணவர்கள் மறக்கக் கூடாது.

பரப்பிலிருந்து அண்டம் வரை

கி.மு. 300-ஐ ஒட்டி வாழ்ந்த யூக்ளிட், இணைகோடுகளைப் பற்றிய ஓர் எடுகோளை மெய்ப்பிக்காமல் ஏற்றுக்கொண்டார். 180 பாகைத் தேற்றம் அந்த எடுகோளை நம்பியே நிற்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகள் அறிஞர்கள் அதை மெய்ப்பிக்க முயன்று தோற்றார்கள். அந்த எடுகோள் இல்லாமலும் முரண்பாடற்ற வடிவகணிதம் உண்டு என்று ரஷ்யாவின் லோபசெவ்ஸ்கி 1829-இலும், ஹங்கேரியின் போயாய் 1832-இலும் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே இதை உணர்ந்திருந்த காஸ், கூச்சலுக்கு அஞ்சி வெளியிடாமல் இருந்துவிட்டார். யூக்ளிடை ஐயுறுவதே அன்று அத்தனை பெரிய துணிவாக இருந்தது!

1854-இல் காஸின் மாணவர் ரீமான், தம் புகழ்பெற்ற சொற்பொழிவில் இன்னொரு படி மேலே ஏறினார். வளைவை உள்ளிருந்தே அளக்கலாம் என்றால், இரு பரிமாணப் பரப்போடு ஏன் நிற்க வேண்டும்? மூன்று, நான்கு, எத்தனை பரிமாணங்களிலும் வளைவைப் பற்றிப் பேசலாம் அல்லவா? அவர் அமைத்த கணிதத்தைப் பயன்படுத்தி, ஈர்ப்பு என்பது காலமும் இடமும் சேர்ந்த வெளியின் வளைவே என்று 1915-இல் ஐன்ஸ்டைன் கூறினார். சூரியனை ஒட்டி வரும் விண்மீன் ஒளி 1.75 விகலை விலக வேண்டும் என்று அவர் கணித்திருந்தார். 1919-ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது எடுத்த அளவுகள் அதற்கு ஒத்துவந்தன. இன்று கைபேசியில் வழிகாட்டும் செயற்கைக்கோள்களின் கடிகாரங்களுக்கும் இக்கணக்கு வேண்டும். தரைக் கடிகாரங்களோடு ஒப்பிட்டால் அவை நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ விநாடி முந்திச் செல்லும்; அதைத் திருத்தாவிட்டால் வழி தவறிவிடும். நாம் அனைவரும் அண்டத்தின் உள்ளே இருந்துகொண்டே அதன் வளைவை அளக்கும் எறும்புகள்தாம்.

குடமும் வடையும்

வளைவைப் பற்றிய மிக அழகிய செய்தி இனிமேல்தான் வருகிறது. அட்டைப் பெட்டி ஒன்றை எடுங்கள். அதன் ஒரு மூலையில் மூன்று செங்கோணங்கள் கூடுகின்றன. மொத்தம் 270 பாகை. தட்டையாக இருந்தால் 360 இருக்க வேண்டும். குறையும் 90 பாகையே அந்த மூலையில் குவிந்துள்ள வளைவு. மூலைகள் 8, ஆகவே மொத்தம் 720 பாகை. நான்கு சமபக்க முக்கோணங்களால் ஆன கூர்நுனிக் கட்டையை எடுத்தால், ஒவ்வொரு மூலையிலும் குறைவது 180 பாகை, மூலைகள் 4, மீண்டும் 720! பூசணிக்காயோ, உருண்டையோ, நசுங்கிய டப்பாவோ எதுவானாலும், ஓட்டையில்லாத மூடிய பரப்பாக இருந்தால் மொத்த வளைவு அதே 720 பாகைதான். ஓரிடத்தில் அமுக்கினால் வளைவு இன்னோரிடத்துக்கு நகருமே தவிர, மொத்தம் மாறாது.

நடுவில் ஓட்டை உள்ள மெதுவடைக்கோ கணக்கு வேறு. படச்சட்டம் போன்ற ஒரு பெட்டியைச் செய்து பாருங்கள். வெளி மூலைகள் 8-இலும் 90 பாகை குறையும். உள் மூலைகள் 8-இல் ஒவ்வொன்றிலும் 270, 90, 90 என்று 450 பாகை கூடி, 90 பாகை மிஞ்சும். மொத்தம் பூஜ்யம்! வளைவை மட்டும் அளந்து கூட்டும் எறும்பு, தான் நடப்பது குடத்திலா, வடையிலா என்பதையும் சொல்லிவிடும். அளவைப் பற்றிய வடிவகணிதமும், அளவையே பாராமல் ஓட்டைகளை எண்ணும் இடத்தியலும் கைகோக்கும் இடம் இது. இதற்குக் காஸ், பிரான்சின் போனே ஆகிய இருவரின் பெயர்கள் வழங்குகின்றன. 1944-இல் சீனாவில் பிறந்த செர்ன் உயர் பரிமாணங்களுக்கான தேற்றத்துக்குப் புதிய நிறுவல் தந்தார்.

இந்த வரலாற்றில் நம் நாட்டவருக்கும் இடம் உண்டு. பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த விஜய் குமார் பாட்டோதி, பரப்பில் வெப்பம் பரவும் கணக்கைக் கொண்டு இந்த உயர் பரிமாணத் தேற்றத்தை 1971-இல் புதிய வழியில் நிறுவி உலகை வியக்கவைத்தார். அவருக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் எம். எஸ். நரசிம்மன். அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் தண்டரை என்னும் சிற்றூரில் பிறந்தவர் அவர். பாட்டோதி 1976-இல் தம் 31-ஆம் வயதில் மறைந்தது பெரும் இழப்பு.

தடைகளும் விடைகளும்

‘பாடத்திட்டம் ஏற்கெனவே கனக்கிறது; இதையும் சேர்த்தால் மாணவர் குழம்புவார்’ என்று ஆசிரியர்கள் சிலர் சொல்லக்கூடும். ரீமானைத் தேர்வில் கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தேற்றத்தின் முன்னே ‘சமதளத்தில்’ என்ற ஒரு சொல் அழுத்தமாக ஒலிக்க வேண்டும். குடத்தோடு ஒரு பாடவேளை செலவிட வேண்டும். அவ்வளவே. நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று சொல்லும் அறிவியல் ஆசிரியர், அழுத்தத்தையும் சேர்த்தே சொல்கிறார். உதகையில் அதற்குக் குறைவான வெப்பத்திலேயே நீர் கொதிக்கும் என்கிறார். மாணவர் குழம்புவதில்லை, தெளிவடைகிறார். கணிதத்துக்கு மட்டும் ஏன் நிபந்தனை இல்லாமல் சொல்ல வேண்டும்?

நிபந்தனையைச் சொல்லாமல் உண்மையை மட்டும் மனப்பாடம் செய்விப்பதில் ஒரு பெரும் தீமை உண்டு. எந்தச் செய்தியைக் கேட்டாலும் ‘இது எங்கே உண்மை? எப்போது உண்மை?’ என்று கேட்கும் பழக்கம் மாணவரிடம் வளராமல் போய்விடுகிறது. மதிப்பெண் வரும், ஆராய்ச்சி மனம் வராது.

மாணவ நண்பர்களே, பாடத்திட்டம் மாறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். ஒரு விரல் அகலத்துக்கும் குறைவான காகித நாடாக்களை வெட்டிக்கொள்ளுங்கள். மடிப்போ சுருக்கமோ விழாமல் குடத்தின் வயிற்றில் மூன்று நாடாக்களை ஒட்டி ஒரு முக்கோணம் அமையுங்கள். சுருக்கம் விழாத நாடா தானே நேர்வழியில் செல்லும். குடத்தின் கழுத்துப் பகுதியிலும் அப்படியே இன்னொன்று. மூலைகளைக் காகிதத்தில் படியெடுத்து பாகைமானியால் அளந்து, இரண்டு கூடுதல்களையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். வயிற்றில் வரும் எண்ணும் கழுத்தில் வரும் எண்ணும் 180-க்கு எந்தெந்தப் பக்கம் விலகுகின்றன என்பதை உங்கள் ஆசிரியரிடம் காட்டி, காரணத்தை வகுப்பில் விவாதியுங்கள்.